கர்வாலியின் நோட்டுப் புத்தகம்: ஒன்றிய மகளிர் மேம்பாட்டு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒன்றிய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தாருக்கு,

வணக்கம்.

மும்பையில் பாலியல் தொழிலுக்குப் பேர்போன காமாத்திபுராவின் கதையைச் சொல்லும் இந்திப் படம் 'கங்குபாய் கத்தியவாடி'. அதை நான் முதலில் பார்த்தது 2022 பிப்ரவரியில், வெளியான வாரமே, தியேட்டரில். பக்கத்து நாற்காலிகளில் தெரிந்தவர்கள் யாரும் இல்லை, அதனால் அழ முடிந்தது. இரண்டாவது முறை போன மாதம், வீட்டில், பேத்தியோடு. கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். பாதிப் படத்தில் நிறுத்திவிட்டு, "ஆச்சி, நீங்க வேலை பார்த்த இடம் இதுதானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றும் வாயில் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. "தெருப் பேரு அதுதான்" என்றேன்.

அது கோரேகாவ் ஃபிலிம் சிட்டியில் போட்ட செட். வாசலும் பால்கனியும் விளக்குகளுமாக அழகாக இருந்தது. இயக்குநர் பன்சாலி படத்தில் அழகில்லாமல் எது இருக்கும்? ஆனால் எனக்குத் தெரிந்த காமாத்திபுரா வாசலில் இல்லை. மரப்படி ஏறி உள்ளே போனால் ஓர் அறை. அதைப் பலகை வைத்துத் தடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டில்கள். கட்டிலைச் சுற்றிப் பூப்போட்ட திரைத்துணி. கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. சில கட்டில்களுக்கு அடியில் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை தூங்கும்.

நான் தாராவியில் வளர்ந்தவள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டம் ஒன்றுக்குத் தமிழும் கொஞ்சம் தெலுங்கும் பேசுகிற பெண் வேண்டும் என்றார்கள், போனேன். மாஹிமில் ரயில் ஏறி கிராண்ட் ரோட்டில் இறங்கி, தோளில் ஆணுறைப் பெட்டிகளோடு சந்து சந்தாக நடப்பேன். நர்ஸும் இல்லை, டாக்டரும் இல்லை. மொழி தெரிந்தவள், அவ்வளவுதான். மொழி தெரிந்தவள் என்றதும் இன்னொரு வேலையும் தானாக வந்து சேர்ந்தது: கடிதம் எழுதிக் கொடுப்பது.

படத்திலும் அப்படி ஒரு காட்சி உண்டு. ஒருத்தி தன் அப்பாவுக்குக் கடிதம் எழுதச் சொல்ல, சுற்றியிருக்கிற பெண்கள் ஆளுக்கொரு வரியாகச் சேர்ப்பார்கள். கடைசியில் அது யாருடைய கடிதம் என்பதே தெரியாமல் போகும். படம் முழுக்க எனக்கு நெருக்கமாக இருந்த இடம் அதுதான். நான் எழுதியவை இன்லேண்ட் லெட்டர்கள். "இங்கு நான் நலம். வேலை வீட்டு வேலைதான். அம்மா நல்லவங்க. மாசம் மணியார்டர் வரும். தம்பியைப் படிப்பை நிறுத்த வேண்டாம்னு சொல்லவும்." நூறு கடிதம் எழுதியிருந்தால் தொண்ணூறு இப்படித்தான் இருக்கும். மடித்து ஒட்டும்போதுதான் சிக்கல் வரும். பின்பக்கம் அனுப்புநர் முகவரி என்று இடம் விட்டிருக்கும் இல்லையா, அதில் என்ன எழுதுவது? மூலையில் ஒரு தையல்கடை இருந்தது. அந்த அண்ணாச்சியின் கடை முகவரியைப் போடுவோம். ஊரிலிருந்து பதில் வந்தால் அவர் சட்டைத்துணிக்கு நடுவே வைத்து வைத்துக் கொடுப்பார்.

இந்தக் கதையை உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். இந்தப் படத்துக்கு 69ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் ஐந்து விருதுகள் கிடைத்தன: நடிகை, தழுவல் திரைக்கதை, வசனம், படத்தொகுப்பு, ஒப்பனை. 2023 அக்டோபரில் குடியரசுத் தலைவர் கையால் கொடுத்தார்கள். விருது கொடுத்தது தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், நீங்கள் இல்லை. தெரியும். ஆனால் ஒரே அரசாங்கம்தானே? ஒரு கட்டடத்தில் அந்தப் பெண்ணின் வசனத்துக்குப் பரிசு, இன்னொரு கட்டடத்தில் அவள் வசனத்தில் கேட்டது எதையும் தராத விபசாரத் தடுப்புச் சட்டம். அந்தச் சட்டத்தின் சாவி உங்கள் கையில் இருக்கிறது.

அதற்கு முன், படத்தின் மேலேயே எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. கதைச் சுருக்கம் எல்லாருக்கும் தெரியும். கத்தியவாரில் நல்ல குடும்பத்துப் பெண். காதலித்தவன் சினிமா ஆசை காட்டி பம்பாய்க்குக் கூட்டி வந்து விற்றுவிட்டுப் போகிறான். அவள் விழுந்து எழுந்து, தாதா ஒருவரைச் சகோதரனாக்கிக்கொண்டு, அந்த வீட்டுக்கே தலைவியாகி, காமாத்திபுராவின் தேர்தலில் நின்று ஜெயித்து, ஆசாத் மைதானத்தில் பேசி, கடைசியில் அன்றைய பிரதமர் நேருவையே போய்ப் பார்க்கிறாள். அசல் கங்குபாய் இப்படித்தான் வாழ்ந்தாரா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. அவருடைய வளர்ப்பு மகன் என்று சொன்னவர் உச்ச நீதிமன்றம் வரை போனார், வெளியீட்டுக்கு முந்தைய நாள் மனு தள்ளுபடியானது. எங்கள் பகுதியின் பெயரைக் கெடுக்கிறார்கள் என்று காமாத்திபுராக்காரர்களும் வழக்குப் போட்டார்கள். (தமிழ்க் காதுக்கு அந்தப் பெயரில் 'காமம்' கேட்கும். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கட்டட வேலைக்குத் தெலுங்கு நாட்டிலிருந்து வந்த காமாத்திகள் குடியேறிய இடம், அதனால் அந்தப் பெயர். கல்லும் மண்ணும் சுமந்து பம்பாயைக் கட்டியவர்களின் பெயர் இப்படி ஆகிவிட்டதே என்று அவர்களுக்குக் கோபம் வந்தால் தப்பில்லை.)

என் வழக்கு வேறு. மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான படத்தில் ஒரு பொருள் வரவே இல்லை. நோட்டுப் புத்தகம்.

கர்வாலி என்பதை அப்படியே தமிழாக்கினால் வீட்டுக்காரி. அங்கே அது அந்த வீட்டை நடத்துகிற அம்மாளின் பதவிப் பெயர். எனக்குப் பழக்கமான ஒரு கர்வாலி மளிகைக் கடைக்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி நீளமான சிவப்பு அட்டை நோட்டு வைத்திருந்தார். ஒரு பெண்ணுக்கு ஒரு பக்கம். முதல் வரியில் அவளை வாங்கிய விலை. அதற்குக் கீழே சேலை, பவுடர், டாக்டர், மருந்து, கட்டில் வாடகை, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிற ஹப்தாவில், அதாவது மாமூலில், அவள் பங்கு. எல்லாவற்றுக்கும் கீழே வட்டி. எதிர்ப்பக்கம் வரவு. எல்லாம் கன்னடத்தில். திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண்ணுக்குக் கன்னடம் எங்கே தெரியும்? அவள் தன் பக்கத்தைத் திறந்து, விரலை வைத்து, "இன்னும் எவ்வளவுக்கா?" என்று என்னைக் கேட்பாள். எனக்கும் எண்கள் மட்டும்தான் புரியும். கடன் தீர்ந்தால் 'ஆதியா' ஆகலாம். அதாவது சம்பாத்தியத்தில் பாதி அவளுக்கு, பாதி வீட்டுக்கு. அந்தப் பாதிக்காகத்தான் அங்கே எல்லாரும் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மாள் அரக்கி இல்லை. காய்ச்சல் வந்தவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பார். குடித்துவிட்டுக் கை நீட்டியவனைச் செருப்பாலேயே அடித்துப் படியிறக்கியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவரும் ஒரு காலத்தில் இன்னொருத்தியின் நோட்டில் ஒரு பக்கமாக இருந்தவர்தான். கஞ்சியும் நிஜம், நோட்டும் நிஜம். படம் கஞ்சியை மட்டும் எடுத்துக்கொண்டு, வெள்ளைச் சேலை கட்டி, நெருப்பு மாதிரி வசனம் கொடுத்துவிட்டது. ஆலியா பட் நடிப்பில் குறை சொல்ல மாட்டேன். சின்ன உருவத்தில் அவ்வளவு திமிர். ஆனால் ஒரு கர்வாலிக்கு அவ்வளவு அதிகாரம் பேச்சிலிருந்தா வருகிறது?

உங்கள் சட்டத்திலிருந்து வருகிறது. நான் சொல்ல வந்தது இதைத்தான்.

1956ஆம் ஆண்டுச் சட்டம், 1986இல் திருத்திப் பெயர் மாற்றிய சட்டம், நம்மூர் போலீஸ் பாஷையில் 'பிராத்தல் கேஸ்' போடுகிற சட்டம். அதன் 2ஆவது பிரிவில் விபசார விடுதி என்றால் என்ன என்று சொல்லியிருக்கிறீர்கள். இன்னொருவர் லாபத்துக்காக நடக்கிற இடம், சரி. கூடவே, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் தங்கள் பரஸ்பர லாபத்துக்காகப் பயன்படுத்தும் இடமும் விடுதிதான். வீடாக இருக்க வேண்டியதில்லை. அறை போதும், வாகனம் போதும். அப்படியானால் கடன் தீர்ந்த இரண்டு பெண்கள், கர்வாலியும் வேண்டாம் தரகனும் வேண்டாம் என்று ஒரு அறையை வாடகைக்கு எடுத்து ஒருவருக்கொருவர் காவலாக இருந்தால், சட்டத்தின் கண்ணில் அவர்களே கர்வாலிகள். 3ஆவது பிரிவின்படி முதல் முறைக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை கடுங்காவல், இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம். தெரிந்தே வாடகைக்கு விட்ட வீட்டுக்காரருக்கும் சிறை உண்டு.

வீட்டுக்காரர் என்ன செய்வார்? அந்தப் பெண்ணுக்கு நேராக வீடு கொடுக்க மாட்டார். வாடகையை மூன்று மடங்காக்கி, போலீஸ் வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்கிற ஒருத்திக்குக் கொடுப்பார். அந்த ஒருத்திதான் கர்வாலி. ஸ்டேஷனில் பேச, வக்கீல் வைக்க, ரௌடியைச் சமாளிக்க, ரெய்டு வருகிற சேதியை முன்கூட்டியே தெரிந்துகொள்ள எல்லாவற்றுக்கும் அவள் வேண்டும். ஒரு பெண் தன் பெயரில் அறை எடுக்க முடியாத இடத்தில், அறை வைத்திருப்பவள் ராணியாகத்தான் இருப்பாள். விடுதியை ஒழிக்கக் கொண்டுவந்த சட்டம் விடுதிக்காரியைத் தவிர்க்க முடியாதவளாக்கி வைத்திருக்கிறது.

ஒரு ரெய்டைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில். தமிழ்நாட்டுப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும், நாலு வயதில் மகள். இன்னும் இரண்டே மாதத்தில் ஆதியா ஆகிவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் வேன் வந்தது. பதினோரு பேரை ஏற்றினார்கள். கர்வாலி அன்றைக்கு மத்தியானமே உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார். சேதி வந்திருக்கும், வேறென்ன? பெண்கள் காப்பகம் ஒன்றுக்குப் போனார்கள். பிள்ளை இன்னொரு காப்பகத்துக்கு.

மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கெட்டவர் இல்லை. களைத்துப்போனவர். "அப்பா, அம்மா, புருஷன், யாராவது வந்து கையெழுத்துப் போட்டால்தான் அனுப்ப முடியும்" என்றார். நான் இவளிடம் திருப்பிச் சொன்னேன். இவள் சிரித்தாள். "வித்ததே அவன்தானேக்கா" என்றாள். அதை நான் இந்தியில் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அப்போ அப்பா?" என்றார். அப்பாவுக்கு எழுத வேண்டுமானால் மும்பையில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எழுத வேண்டும். வீட்டு வேலை என்று அத்தனை கடிதம் எழுதிக் கொடுத்தவள் நான். "வேண்டாம்" என்றாள்.

இருபத்து மூன்றாவது நாள் ஒரு வக்கீலும், ரேஷன் கார்டோடு ஒரு ஆளும் வந்தார்கள். அந்த ஆள் தாய்மாமன் என்று கையெழுத்துப் போட்டான். தமிழில் நான் ஒரு வார்த்தை கேட்டதற்கு அவனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அனுப்பியது யார் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த வாரம் நான் போனபோது அவள் பழைய கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நோட்டில் அவள் பக்கம் நிரம்பி, அடுத்த பக்கம் தொடங்கியிருந்தது. வக்கீல், மாமன், டாக்ஸி, சம்பாதிக்காத இருபத்து மூன்று நாள். எல்லாம் பற்று. மகளைத் திரும்ப வாங்க இன்னும் எட்டு மாதம் ஆனது. அதற்கு ஆன செலவும் அந்தப் பக்கத்திலேயே ஏறியது. மீட்டது அரசாங்கம், பில் கட்டியது அவள்.

அன்றைக்கு நான் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம், இவன் மாமன் இல்லை என்று. சொல்லவில்லை. சொன்னால் அவள் உள்ளேயே இருப்பாள். சொல்லாவிட்டால் வெளியே போய் கடன்காரியாவாள். எது நல்லது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

படத்தில் பிரதமரைப் பார்க்கிற காட்சிக்குத் தியேட்டரில் கைதட்டினார்கள். அதே காலத்தில் நிஜமாகவே ஒருத்தி அரசாங்கத்தின் கதவைத் தட்டினாள். அலகாபாத்தில் ஹுஸ்னா பாய் என்ற இருபத்து நாலு வயதுப் பெண், 1958 மே 1 அன்று உயர் நீதிமன்றத்தில் இந்தச் சட்டத்துக்கு எதிராகவே மனுப் போட்டாள். அரசியல் சாசனம் எந்தத் தொழிலையும் செய்யும் உரிமை கொடுத்திருக்கிறதே, என் பிழைப்பை எப்படிப் பிடுங்குவீர்கள் என்று கேட்டாள். அவளை நம்பி வீட்டில் தம்பிகள் இருந்தார்கள். குடியரசுக்கு எட்டு வயதுதான் ஆகியிருந்தது, அதற்குள் சாசனத்தை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு வந்துவிட்டாள்! மனு தள்ளுபடி. அடுத்த சில ஆண்டுகளில் கான்பூர்ப் பெண்களின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தப் பெண்களை ஓர் இடத்தைவிட்டு வெளியேற்ற மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் கொடுக்கும் 20ஆவது பிரிவு செல்லும் என்று தீர்ப்பானது. இவர்களைப் பற்றி யாரும் பிரம்மாண்டமாகப் படம் எடுக்கவில்லை. தாதா இல்லை, குதிரைவண்டி இல்லை, எடுப்பது கஷ்டம்தான்.

அப்புறம் 2022. படம் வெளியாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. மே 19 அன்று புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. 1999இல் கொல்கத்தாவில் ஒரு பாலியல் தொழிலாளி அடித்துக் கொல்லப்பட்டதில் தொடங்கிய வழக்கு அது. கண்ணியமாக வாழும் உரிமை இவர்களுக்கும் உண்டு என்றார்கள் நீதிபதிகள். சில நாளில் 'பாலியல் தொழில் இனி குற்றமல்ல' என்று தலைப்புகள். என்னோடு வேலை பார்த்த ஒருத்தி போன் பண்ணி ஜெயித்துட்டோம் என்று கத்தினாள். உத்தரவைப் படித்தால் கதை வேறு. நீதிமன்றம் அமைத்த குழு கொடுத்த பரிந்துரைகள் பத்து. அவற்றில் நான்கில் தனக்குத் தயக்கம் இருக்கிறது என்று ஒன்றிய அரசு சொன்னது. மீதி ஆறைத்தான் மாநிலங்கள் கறாராகச் செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. வயதுவந்த பெண் தன் விருப்பத்தோடு இருந்தால் போலீஸ் குறுக்கிடக் கூடாது என்று எல்லாப் பத்திரிகையும் கொட்டை எழுத்தில் போட்டதே, அது உங்கள் தயக்கப் பட்டியலில் இருந்த ஒன்று. அந்தத் தயக்கம் எதனால் என்று எங்களைப் போன்றவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

தயக்கத்துக்குக் காரணம் இருக்கலாம். கதவைத் திறந்துவிட்டால் பிள்ளை பிடிக்கிறவன் முதலில் நுழைவான் என்ற பயம். அதை நான் கேலி செய்ய மாட்டேன். பதினான்கு வயதுப் பிள்ளை உதட்டுச் சாயத்தோடு நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன், அந்த இரவுகளில் எனக்குச் சோறு இறங்கியதில்லை. சிறுமிகளைக் கொண்டுவருகிறவன், ஏமாற்றி விற்கிறவன், அடைத்து வைக்கிறவள், இவர்களுக்கு இருக்கிற தண்டனை போதாது என்றால் கூட்டுங்கள், நான் முதல் ஆளாகக் கை தூக்குகிறேன். ஆனால் இந்தச் சட்டத்தில் யார் எதற்கு எவ்வளவு அனுபவிக்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். தெருவில் நின்று ஆள் கூப்பிட்டதற்கு, 8ஆவது பிரிவில், பெண்ணுக்கு முதல் முறையே ஆறு மாதம் வரை சிறை. அதே குற்றத்தை ஆண் செய்தால் அதிகபட்சம் மூன்று மாதம். அம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கிற மகனுக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டால், அவன் அவள் வருமானத்தில் வாழ்கிறவன் என்று 4ஆவது பிரிவு முதலிலேயே அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று அவன்தான் நிரூபிக்க வேண்டும். அத்தனை இன்லேண்ட் லெட்டரிலும் படிப்பை நிறுத்த வேண்டாம் என்று எழுதச் சொன்னார்களே, அந்தப் படிப்புச் செலவு எங்கிருந்து போனது?

படத்தில் பக்கத்துப் பள்ளிக்கூடம் அந்தப் பெண்களைக் காலிசெய்யச் சொல்லும். நம் சட்டத்தில் அதற்கு 200 மீட்டர் கணக்கு இருக்கிறது. கோயில், பள்ளிவாசல், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி இவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தால் மாஜிஸ்திரேட் காலிசெய்ய வைக்கலாம். நம் ஊர்களில் எந்த இடத்தில் நின்று 200 மீட்டர் அளந்தாலும் ஒரு பிள்ளையாராவது வந்துவிடுவாரே, ஐயா!

மும்பைக் கதையாகவே பேசிக்கொண்டிருக்கிறேன் என்று சென்னைக்காரர்கள் நினைக்க வேண்டாம். 1986இல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது மெட்ராஸில்தான். டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி செல்லப்பன் நிர்மலா இரத்த மாதிரி எடுக்கப் பெண்களைத் தேடினார். பம்பாய் மாதிரி இங்கே தனித் தெரு கிடையாது, எங்கே போய்த் தேடுவது? கடைசியில் பிடிபட்ட பெண்களை வைத்திருந்த மயிலாப்பூர் காப்பகத்தில் கிடைத்தார்கள். அவர் செய்தது பெரிய வேலை, அதனால் எத்தனையோ உயிர் பிழைத்தது. ஆனாலும் அந்தப் பெண்கள் ஏன் கைக்கெட்டினார்கள் என்றால், அடைபட்டிருந்ததால்.

நம் பத்திரிகைகள் இன்றைக்கும் '3 அழகிகள் மீட்பு' என்றே எழுதுகின்றன. இந்த 'அழகி' எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. நான் பார்த்த அழகிகளுக்கு இரத்தசோகை, பல்வலி, தூக்கமின்மை. 'மீட்பு' என்ற சொல்லுக்கும் நாலு வயது மகளைத் தனியாகப் பிரித்து அனுப்பியதற்கும் என்ன உறவு என்று அந்தச் செய்தியை எழுதியவரை ஒருநாள் கேட்க வேண்டும்.

நோட்டுப் புத்தகத்தை ஒழிக்க வழி இல்லாமலும் இல்லை. கொல்கத்தா சோனாகாச்சியில் 1995இலேயே இந்தப் பெண்கள் உஷா என்ற பெயரில் தங்களுக்குள் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கிவிட்டார்கள். தினமும் கொஞ்சம் சேமிப்பு, அவசரத்துக்குக் கடன், பிள்ளை படிப்புக்குக் கடன். வட்டிக்காரனிடமும் வீட்டுக்காரியிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. கூடவே புதிதாக வருகிறவளுக்கு வயது என்ன, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று பார்க்க அவர்களே குழுவும் வைத்தார்கள். ஒரு சந்தில் புதுப் பிள்ளை வந்தால் முதலில் தெரிவது பக்கத்துக் கட்டில்காரிக்குத்தானே, போலீஸுக்கா? பணத்தைச் சேர்ந்து சேமித்தால் அது பதிவு பெற்ற சங்கம். அதே பெண்களில் இருவர் சேர்ந்து ஒரு அறை எடுத்தால் மூன்றாண்டுச் சிறை. இதில் என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆகவே என் கோரிக்கை பெரிதாக ஒன்றும் இல்லை. தொழிலைப் புனிதமாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை, என் பேத்திக்கும் அந்தப் பிழைப்பு வேண்டாம், யார் பேத்திக்கும் வேண்டாம். 2ஆவது பிரிவில் அந்தப் 'பரஸ்பர லாபம்' என்கிற பாதி வரியை எடுத்துவிடுங்கள். இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்வது விடுதி ஆகாது. பெண்ணைத் தண்டிக்கிற 8ஆவது பிரிவையும், வளர்ந்த மகனைச் சந்தேகிக்கிற அந்த அனுமானத்தையும் நீக்குங்கள். வயதுவந்தவள் போகிறேன் என்றால் தாய்மாமனைத் தேடாமல் அவள் கையெழுத்தையே வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். 2020 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றமே மூன்று பெண்களை அப்படி விடுவித்திருக்கிறது. ஆட்கடத்தலுக்குப் புதிய மசோதா வரைவுகளை நீங்கள் போடுவதும் அவை பாதியில் நிற்பதுமாக இருக்கிறது. 2018இல் மக்களவையில் நிறைவேறியது மாநிலங்களவையைத் தாண்டவில்லை, 2021இல் இன்னொரு வரைவு. அடுத்ததை எழுதும்போது அந்தக் கட்டில்களிலிருந்து நாலு பேரைக் கூப்பிட்டு மேசைக்கு இந்தப் பக்கமும் உட்கார வையுங்கள். அந்த நான்கு தயக்கங்கள் என்ன என்பதை அவர்களுக்குப் புரிகிற மொழியில், தமிழிலும் கன்னடத்திலும் வங்காளியிலும், எழுதிப் போடுங்கள். மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன். பணம் வேண்டாம், ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் போதும்.

இந்தக் கடிதத்துக்கு நீங்கள் பதில் போட்டால் எந்த முகவரிக்கு என்று பேத்தி கேட்டாள். தையல்கடை அண்ணாச்சி இப்போது இல்லை. கடை இருந்த இடத்தில் ஏதோ பேக் தைக்கிறார்கள். என் வீட்டு முகவரியையே உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
காமாத்திபுராவில் கடிதம் எழுதிக் கொடுத்தவள்